பாசிக் ஆற்றின் அரசர்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்கிழக்காசிய வரலாற்றுக் கட்டுரைகளைத் திருத்துவது என் வேலை. பிலிப்பைன்ஸில் மணிலா விரிகுடாவில் கலக்கும் பாசிக் ஆற்றங்கரையில், ஸ்பானியர் வருமுன் இருந்த தகலோகு மக்களின் அரசுகளைப் பற்றி எழுத வருபவர்கள், எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில் சறுக்குகிறார்கள். எழுத்துப்பிழைகளை விடுகிறேன்.

எல்லைக்கோடு போட்டு நிறம் பூசுவது

இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். ஒரு கண்காட்சிக்காக இளைஞர் ஒருவர் லூசோன் தீவின் பாதிக்கு மஞ்சள் பூசி, 'தோண்டோ பேரரசு' என்று தலைப்பிட்டு, ஆளுயர ஃபிளெக்ஸாக அச்சடித்துவிட்டார். திறப்பு விழாவுக்கு முதல் நாள்தான் என் கண்ணில் பட்டது. மொத்தச் செலவும் வீண்.

தோண்டோவும் மைனிலாவும் (இன்றைய மணிலா) எதிரெதிர்க் கரைகள். வடகரைத் தோண்டோவின் தலைவர் லகாந்துலா, தென்கரை மைனிலாவில் முதியவரான ராஜா மதாந்தாவும் அவருடைய உறவினரான இளைய ராஜா சுலைமானும். கழிமுகத்தைக் கையில் வைத்திருந்ததால் கடல் வாணிகம் கையில் இருந்தது. அதுதான் பலம், பரப்பளவு அல்ல. தாத்து எனப்பட்ட தலைவரின் கீழ் இருந்த பாரங்காய் என்னும் குடியிருப்பு, நூறு வீடுகள் வரை, சில வேளை முப்பதுக்கும் குறைவு என்று 1589இல் பாதிரியார் ஹுவான் டி பிளாசென்சியா எழுதுகிறார். ஒன்று மற்றொன்றுக்கு அடங்கியதில்லை. நட்பும் உறவுமே கட்டு என்கிறார்.

1570இல் ஸ்பானியத் தளபதி மார்த்தின் டி கோய்தி மைனிலாவைத் தாக்கியபோது லகாந்துலா சண்டையில் இறங்கவில்லை. அந்த மஞ்சள் படத்தைப் பார்த்தவர் இதைத் துரோகம் என்பார். பேரரசே இல்லாத இடத்தில் யாருக்குத் துரோகம்? ஆற்றை அழுத்தமாக வரையுங்கள், ஊர்களுக்குப் புள்ளி வையுங்கள். நிறம் வேண்டாம்.

இரண்டு தலைவர்களை ஒருவராக்குவது

1571 ஜூனில் ஸ்பானியருக்கு எதிரான பாங்குசாய் நீர்ப்போரில் இறந்தவர் மகபேபே என்னும் ஊரிலிருந்து வந்த தலைவர். அவரையே ராஜா சுலைமான் என்று எழுதிவிடுகிறார்கள். ராஜா சுலைமான் அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தார்.

செப்பேட்டிலிருந்து வம்சாவளி பின்னுவது

லகுனா செப்பேட்டின் காலம் சக ஆண்டு 822, அதாவது கி.பி. 900. நம்வாரான் என்பவரின் பொன் கடன் தீர்ந்ததற்கான சான்று அது. அதிலுள்ள 'துண்டுன்' தோண்டோதான் என்பது அதைப் படித்த அந்தோன் போஸ்ட்மாவின் கருத்து. ஏற்றுக்கொண்டாலும், அங்கிருந்து லகாந்துலாவுக்கு 670 ஆண்டுகள். நடுவே இணையத்தில் கிடைக்கும் அரசர், அரசியர் பட்டியலைச் செருகாதீர்கள்.

'ராஜா' என்றதும் சோழரைத் தேடுவது

வேண்டாம். அந்தப் பட்டம் மலாய் உலகம் முழுவதும் புழங்கியது.

கலந்தியாவ் சட்டம்

ஸ்பானியருக்கு முந்தைய சட்டத்தொகுப்பு என்று காட்டப்படும் இது போலி. 1968லேயே வரலாற்றாசிரியர் வில்லியம் ஹென்றி ஸ்காட் அம்பலப்படுத்திவிட்டார்.