எதையும் ரூபாய் வட்டியில் கணக்குப் போட்டுப் பாருங்கள்

நம் கோயமுத்தூர், ஈரோடு பக்கம் யாரிடமாவது ஏழு சதவீத வட்டி என்று சொன்னால் 'அப்படிங்களா' என்று கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஒன்றரை ரூபாய் வட்டி என்று சொன்னால் உடனே மனசுக்குள் கணக்கு ஓடும்: நூறு ரூபாய்க்கு மாதம் ஒன்றரை, வருஷத்துக்குப் பதினெட்டு. இந்தப் பழக்கத்தை விடாதீர்கள். பணத்தை எங்கே போடுவதானாலும், எங்கே வாங்குவதானாலும் வருஷ வட்டியைப் பன்னிரண்டால் வகுத்து ரூபாய் வட்டியாக்கிப் பாருங்கள், பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். பிபிஎஃப் என்கிற அரசாங்கச் சேமிப்புத் திட்டம் 2020 ஏப்ரலில் இருந்து 7.1 சதவீதம் தருகிறது, அதாவது அறுபது பைசா வட்டி. கிரெடிட் கார்டு பாக்கியை இழுத்துக்கொண்டே போனால் மூன்று, மூன்றரை ரூபாய் வட்டி. கந்துவட்டிக்காரரைத் திட்டுகிற நாமே இதை மட்டும் சத்தமில்லாமல் செல்போனில் கட்டிவிட்டுப் போகிறோம். கார்டு பாக்கியோ தனியார் கைக்கடனோ இருக்கும்போது அறுபது பைசாவுக்குச் சேமிப்பது வெட்டி வேலை, முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுங்கள்.

சரி, அரசாங்கமே அறுபது பைசாதான் தருகிறது என்றால் ஒருத்தர் வந்து மூன்று ரூபாய், நான்கு ரூபாய் தருகிறேன் என்று சொல்லும்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: அந்தப் பணத்தை இவருக்கு யார் தருகிறார்கள்? பணம் கட்டி ஈமு கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் தருகிறோம் என்ற திட்டம் 2012-ல் பெருந்துறைப் பக்கம் சரிந்தபோது இதைக் கேட்காதவர்கள்தான் மாட்டினார்கள். எங்கள் மாமாவும் கொட்டகை போட்டார். மாதாமாதம் பணம் சரியாக வந்தது, அதனால் அந்தக் கறியை யார் தின்கிறார்கள், முட்டையை யார் வாங்குகிறார்கள் என்று அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில் பார்த்தால் புதிதாகச் சேர்கிறவர் கட்டுவதுதான் பழைய ஆளுக்கு மாதப்பணம். அந்தக் கம்பிவேலி இன்னும் தோட்டத்தில் நிற்கிறது, இப்போது அதற்குள்ளே வெள்ளாடு கட்டியிருக்கிறார்.

அடுத்தது சீட்டு. சீட்டே வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன், ஆனால் கணக்கைப் பாருங்கள். இருபது பேர், மாதம் 5,000, ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு. முதல் சீட்டு நடத்துகிறவருக்கு. இரண்டாவது மாதம் அவசரத்துக்கு நீங்கள் ஏலத்தில் 30,000 தள்ளி, அதாவது விட்டுக்கொடுத்து, 70,000 எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். தள்ளுத் தொகையில் கமிஷன் போக மீதி எல்லோருக்கும் பிரிவதால் மாதத் தவணை குறையும், இருபது மாதமும் சேர்த்து ஒரு 84,000 கட்டுவீர்கள். அந்த இரண்டு மாதம் கட்டிய 10,000 போக உங்கள் கைக்கு நிஜமாக வந்தது 60,000. அதற்குப் பதினெட்டு மாதத்தில் 74,000 கட்டுகிறீர்கள். ரெண்டு ரூபாய் வட்டிக்கு மேலே வருகிறது. அதே சீட்டைக் கடைசி வரை விட்டுவைத்து 95,000 வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒன்றேகால் ரூபாயை ஒட்டி. பேங்கை விட நல்ல வட்டிதான், ஆனால் அந்த இருபது மாதமும் நடத்துகிறவர் ஓடாமல் இருக்க வேண்டும். அதனால் சீட்டுப் பதிவாளரிடம் பதிவான சீட்டா என்று கேளுங்கள். பதிவான சீட்டில் நடத்துகிறவர் கமிஷன் 7 சதவீதத்துக்கு மேல் எடுக்கக் கூடாது. தெரிந்தவர்தானே என்று பதிவில்லாத தீபாவளிச் சீட்டில் பதினோரு மாதம் கட்டிவிட்டுப் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டு வந்தவன் நான், அதனால் சொல்கிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனியில் சனிக்கிழமைச் சம்பளம் வாங்குகிறவர்களுக்கு மாத பட்ஜெட் எல்லாம் சரிப்படாது. சம்பளம் வந்த அன்றைக்கே, ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக்குப் போகும் முன்பே, ஒரு பங்கை வேறு பேங்க் கணக்குக்கு அனுப்பிவிடுங்கள், அந்தக் கணக்குக்கு ஏடிஎம் கார்டே வாங்க வேண்டாம். ஆர்டர் இல்லாமல் கம்பெனி மூடினால் மூன்று மாதம் ஓட்டுகிற அளவு அதில் சேரும் வரை வேறு எதிலும் போடாதீர்கள். மஞ்சள், தேங்காய் விற்று மொத்தமாகப் பணம் பார்க்கிற விவசாயிகளுக்கு மூன்று மாதம் பத்தாது, அடுத்த வெள்ளாமை வரைக்கும் வேண்டும். டெபாசிட் போடும்போது ஒரு பேங்கில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைக்கும்தான் காப்பீடு என்பதையும் நினைவில் வைத்து இரண்டு பேங்காகப் பிரித்துப் போடுங்கள்.

அதற்கு மேல் மிஞ்சுவது, ஏழெட்டு வருஷம் தொட வேண்டியதில்லை என்றால் மட்டும், நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டில், அதாவது ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளில் பிரித்துப் போடுகிற ஃபண்டில், மாதாமாதம் போகட்டும். இறங்கும், அப்போதும் நிறுத்தாதீர்கள். நகையை முதலீடு என்று சொல்லி வாங்காதீர்கள், செய்கூலி, சேதாரம், 3 சதவீத ஜிஎஸ்டி எல்லாம் விற்கும்போது திரும்பி வராது. போட்டு அழகு பார்க்க வாங்குங்கள், அது வேறு விஷயம்.

எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) போன பிறகு டிரங்குப் பெட்டியைத் திறந்தால், அவர் கொடுத்த கடனுக்கு எழுதி வாங்கிய ஒன்பது புரோநோட் இருந்தது. அதில் ஆறு நோட்டுக்கு, வழக்குப் போடுவதற்கான மூன்று வருஷக் கெடு தாண்டியிருந்தது. நடுவில் கொஞ்சமாவது பணம் வாங்கிக்கொண்டு, பின்பக்கம் வரவு எழுதி கடன் வாங்கியவர்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தால் கெடு அங்கிருந்து புதிதாக ஓடியிருக்கும். அமுச்சிக்கு (அம்மாவின் அம்மாவுக்கு) யார் யார் எவ்வளவு தர வேண்டும் என்பதே தெரியாது. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, எந்த பேங்க், எந்த பாலிசி, யாரிடம் எவ்வளவு பாக்கி, நாமினி யார் என்று எழுதி பீரோவில் வையுங்கள், எங்கே வைத்தீர்கள் என்பதை வீட்டில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.