கடற்பஞ்சின் பெயரையும் இருப்பிடத்தையும் கண்டுபிடிப்பது எப்படி: பீப்பாய்ப் பஞ்சை வைத்து ஒரு செய்முறை

முதலில் ஒரு சொல்லைச் சரிசெய்துகொள்வோம். மண்டபம், ராமேசுவரம் பக்கம் ‘கடல்பாசி’ என்றால் பெண்கள் மூழ்கி எடுத்து, கரையில் காயவைத்து விற்கும் பாசி. சிலர் ஸ்பாஞ்சையும் கடற்பாசி என்றே எழுதிவிடுகிறார்கள். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்பாஞ்ச் ஒரு விலங்கு. பள்ளிப் பாடத்தில் ‘துளையுடலிகள்’ என்று படித்தோமே, அதுதான். இந்தப் பதிவில் கடற்பஞ்சு என்றே எழுதுகிறேன்.

ஒரு கடற்பஞ்சின் ஒளிப்படம் கையில் இருக்கிறது. அது என்ன இனம், உலகத்தில் எங்கெல்லாம் வாழ்கிறது என்று தெரிய வேண்டும். எங்கே தொடங்குவது? எடுத்துக்காட்டாக, வெப்பமண்டலப் பவளப்பாறைகளில் பலரும் படம் எடுக்கும் பீப்பாய்க் கடற்பஞ்சை எடுத்துக்கொள்வோம். அறிவியல் பெயர் செஸ்டோஸ்பாஞ்சியா டெஸ்டுடினாரியா (Xestospongia testudinaria). தேடும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: ஆங்கில எழுத்தில் இந்தப் பெயர் எக்ஸில் தொடங்கும். ஒலியை நம்பி எஸ் போட்டால் ஒன்றும் வராது.

படி 1: பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை அல்ல

பெயரைத் தேடும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வடிவம் என்ன? எவ்வளவு உயரம்? மேற்பரப்பு வழவழப்பா, விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கிறதா, செங்குத்தான மடிப்புகளா? தொட்டுப் பார்க்க அனுமதி இருந்த இடம் என்றால், அமுங்கியதா, கல் போல் இருந்ததா? எத்தனை மீட்டர் ஆழம்? பக்கத்தில் மணலா, பவளமா?

பீப்பாய்ப் பஞ்சு செங்கல் நிறத்திலோ பழுப்பிலோ, மேல்வாய் அகன்ற தாழி போல இருக்கும். ஒரு மீட்டருக்கு மேலும் வளரும். உடல் முழுக்க இருக்கும் நுண்துளைகள் வழியாகத் தண்ணீரை உள்ளே இழுத்து, பாக்டீரியா போன்ற நுண்ணுணவை வடித்துக்கொண்டு, நடுக்குழி வழியாக மேலே தள்ளுகிறது. ஆடாமல் அசையாமல் நிற்பதால் தூங்குகிறது என்று தோன்றும். உண்மையில் அது ஓயாமல் ஓடும் ஒரு பம்ப்.

நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். ஒளிவிளக்கு இல்லாமல் எடுத்த படத்தில் சிவப்பு காணாமல் போய்விடும். ஒரே பஞ்சு ஆழத்தைப் பொறுத்து வேறு நிறமாகத் தெரியும்.

படி 2: பெயரை முழுதாக வாசியுங்கள்

பதிவேடுகளில் இந்தப் பெயர் இப்படி இருக்கும்: செஸ்டோஸ்பாஞ்சியா டெஸ்டுடினாரியா (லமார்க், 1815).

முதல் சொல் பேரினம், இரண்டாவது சிற்றினம். ‘டெஸ்டுடினாரியா’ லத்தீனில் ஆமையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அப்புறம் வருவது அதை முதலில் விவரித்தவர், ஆண்டு. இதுவரை எல்லோரும் வாசித்துவிடுவார்கள். அடைப்புக்குறியைத்தான் கவனிக்க மாட்டார்கள்.

அந்த வளைவுக் கோடுகள் அழகுக்குப் போட்டவை அல்ல. இந்த இனத்தை முதலில் விவரித்தவர் வேறு பேரினத்தில் வைத்திருந்தார், பின்னால் யாரோ இடம் மாற்றினார்கள் என்பதை அவை சொல்கின்றன. லமார்க் 1815இல் இதை அல்சியோனியம் என்ற பேரினத்தில் வைத்தார். இன்று அது மென்பவளங்களின் பேரினம்! செஸ்டோஸ்பாஞ்சியா என்ற பேரினமே 1932இல்தான் பிறந்தது. உருவாக்கியவர் டி லாபென்ஃபெல்ஸ்.

ஒப்பிட்டுப் பாருங்கள்: செஸ்டோஸ்பாஞ்சியா பெர்குவிஸ்டியா ஃப்ரோமான்ட், 1991. இதில் அடைப்புக்குறி இல்லை. ஜேன் ஃப்ரோமான்ட் ஆஸ்திரேலியப் பெருந்தடுப்புப் பவளத்திட்டிலிருந்து இதை விவரித்தபோதே சரியான பேரினத்தில் வைத்துவிட்டார். பெயர், நியூசிலாந்தின் கடற்பஞ்சு அறிஞர் பட்ரீசியா பெர்குவிஸ்டைச் சிறப்பிக்க வைத்தது. இரண்டு அடைப்புக்குறிக்குள் இருநூறு ஆண்டு வரலாறு இருக்கிறது. இதைக் கற்றுக்கொண்ட நாளிலிருந்து எந்த உயிரினத்தின் பெயரைப் பார்த்தாலும் என் கண் முதலில் அங்கேதான் போகிறது.

படி 3: இன்றைய பெயரையும் பழைய பெயர்களையும் சேகரியுங்கள்

உலகப் போரிஃபெரா தரவுத்தளம் என்று ஒன்று இணையத்தில் இருக்கிறது (போரிஃபெரா என்றால் துளையுடலிகள்). உலகக் கடல் உயிரினப் பதிவேட்டின் ஒரு பகுதி அது, இலவசம். பெயரைப் போட்டுத் தேடினால் வகைப்பாடு முழுதும் வரும்: தொகுதி போரிஃபெரா, வகுப்பு டெமோஸ்பாஞ்சியே, வரிசை ஹாப்லோஸ்கிளெரிடா, குடும்பம் பெட்ரோசிடே. பெயருக்குப் பக்கத்தில் ‘அக்செப்டட்’ என்று இருந்தால் அது இன்று ஏற்கப்பட்ட பெயர்.

கீழே பழைய பெயர்களின் பட்டியல் இருக்கும். அதை ஒன்று விடாமல் நகலெடுத்துக்கொள்ளுங்கள். ஏன் தெரியுமா? மன்னார் வளைகுடாவைப் பற்றிய கட்டுரைகளில் இந்தப் பஞ்சு பெரும்பாலும் பெட்ரோசியா டெஸ்டுடினாரியா என்ற பெயரில்தான் இருக்கிறது. புதுப் பெயரை மட்டும் போட்டுத் தேடினால் நம் கடல் வரைபடத்தில் வெறுமையாகத் தெரியும். விலங்கு அங்கே இல்லாததால் அல்ல, நாம் வேறு பெயரில் கூப்பிட்டதால்.

படி 4: முள்ளைப் பாருங்கள்

இதுதான் எனக்கு மிகப் பிடித்த படி, கொஞ்சம் நிதானமாகச் செய்ய வேண்டியதும்கூட. பல கடற்பஞ்சுகளின் உடலுக்குள் கண்ணாடி போன்ற சிலிக்கா முட்கள் இருக்கும், ஸ்பிக்யூல் என்பார்கள். வெளித்தோற்றம் ஏமாற்றினாலும் முள் அவ்வளவு எளிதில் ஏமாற்றாது.

கடலில் போய்ப் பிய்த்துக்கொண்டு வராதீர்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்கா. அனுமதி இல்லாமல் எதையும் எடுக்கக் கூடாது. கல்லூரி விலங்கியல் அருங்காட்சியகத்தில் ஆல்கஹாலில் கிடக்கும் பழைய மாதிரி போதும். ஆசிரியரிடம் கேட்டு ஓர் அரிசி அளவு மேற்பரப்பிலிருந்தும், இன்னோர் அரிசி அளவு உள்ளிருந்தும் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டையும் தனித்தனிச் சோதனைக் குழாயில் போடுங்கள்.

திரவ பிளீச் ஊற்றுங்கள். பிளீச்சிங் பவுடர் வேண்டாம். அதில் சுண்ணாம்பு வண்டல் தங்கி முள்ளோடு கலந்து குழப்பும். சதை நுரைத்துக் கரையும். அரை மணி நேரத்திலிருந்து சில மணி நேரம் ஆகலாம். அடியில் வெண்மையாக, பொடி போல ஒன்று படியும். அதுதான் முள். மேல்திரவத்தை மெதுவாக வடித்துவிட்டுத் தண்ணீர் ஊற்றி, கால் மணி நேரம் படிய விட்டு, மீண்டும் வடியுங்கள். நான்கைந்து முறை கழுவிய பிறகு கடைசியாகக் கொஞ்சம் ஆல்கஹால். ஒரு சொட்டைக் கண்ணாடிச் சில்லில் விட்டுக் காயவையுங்கள். சன்னலைத் திறந்து வைத்து, கையுறையோடு செய்யுங்கள். பிளீச்சோடு வினிகரையோ வேறு அமிலத்தையோ எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

நுண்ணோக்கியில் 100 மடங்கில் பாருங்கள். இரு முனையும் கூரான, இலேசாக வளைந்த கண்ணாடி ஊசிகள், வைக்கோலைக் கொட்டியது போல ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். இந்த வடிவத்துக்கு ஆக்ஸியா என்று பெயர். முனை மழுங்கியவையும் இடையில் இருக்கலாம். நுண்ணளவுகோல் வைத்துக் குறைந்தது 25 முட்களையாவது அளந்து எழுதுங்கள்.

இனி அந்த எண்கள் பேசும். பெட்ரோசியாவில் முட்கள் பெரிது, சிறிது எனப் பல அளவுக் குழுக்களாகப் பிரியும். செஸ்டோஸ்பாஞ்சியாவில் பெரிய முட்கள்தான், 200 மைக்ரோமீட்டருக்கு மேல். அதே குடும்பத்தின் நியோபெட்ரோசியாவில் முட்கள் 200க்குள் நின்றுவிடும். நம் பஞ்சு ஏன் இன்று பெட்ரோசியாவில் இல்லை என்பதற்கான விடை, படி 3இல் ஒரு வரியாகக் கடந்துபோனது, இப்போது உங்கள் கண்முன் கிடக்கிறது.

மாதிரி கிடைக்கவில்லையா? கடையில் விற்கும் இயற்கைக் குளியல் ஸ்பாஞ்சின் ஒரு துணுக்கை பிளீச்சில் போட்டுப் பாருங்கள். முழுக்கக் கரைந்துவிடும், ஒரு முள்கூட மிஞ்சாது. அதன் எலும்புக்கூடு ஸ்பாஞ்சின் என்ற புரத நாரால் ஆனது. முள் இருந்திருந்தால் யார் அதை உடம்பில் தேய்த்துக்கொள்வார்கள்?

படி 5: வரைபடம் போடுங்கள், புள்ளிகளைச் சந்தேகியுங்கள்

ஜிபிஃப் என்ற உலகப் பல்லுயிர்த் தரவுத்தளத்தில் படி 3இன் பெயர்களைப் போட்டுத் தேடினால் வரைபடத்தில் புள்ளிகள் வரும். செங்கடல், இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ், தைவான், ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புத் திட்டு என்று இந்தோ-பசிபிக் நெடுகப் பரவியிருப்பது தெரியும்.

ஒவ்வொரு புள்ளியும் ‘இங்கே இந்தப் பஞ்சு இருக்கிறது’ என்று சொல்வதாக நினைக்காதீர்கள். ‘இங்கே பார்த்ததற்கு யாரோ இந்தப் பெயர் வைத்தார்’ என்றுதான் அது சொல்கிறது. அதனால் புள்ளியைத் திறந்து பாருங்கள். அருங்காட்சியக மாதிரியா, ஒளிப்படமா, வெறும் குறிப்பா? நிலத்தின் நடுவில் புள்ளி விழுந்திருக்கிறதா? ஆப்பிரிக்காவின் மேற்கே, நிலநடுக்கோட்டில் ஒரு தனிப்புள்ளி இருந்தால் அது அட்சம் சுழி, தீர்க்கம் சுழி. அளவை நிரப்பாமல் விட்டதால் வந்தது. அழித்துவிடலாம்.

கரீபியனிலும் ஃபுளோரிடாவிலும் புள்ளி தெரிந்தால் நிறுத்தி யோசியுங்கள். அங்கே நிற்கும் பீப்பாய்ப் பஞ்சின் பெயர் செஸ்டோஸ்பாஞ்சியா மியூட்டா (ஷ்மிட், 1870). பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி. 2008இல் வந்த ஓர் ஆய்வு, வளர்ச்சி வேகத்தைக் கணக்கிட்டு, அந்த இனத்தின் பெரிய பஞ்சுகளில் சில இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் வாழ்ந்திருக்கலாம் என்று மதிப்பிட்டது. ஒரு நங்கூரச் சங்கிலி அதை ஒரு நொடியில் அறுத்துவிடும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது.

படி 6: ஒரே பெயருக்குள் எத்தனை பேர்?

இந்தோனேசியாவின் வடக்கு சுலவேசியில் லெம்பே நீரிணை இருக்கிறது. அங்கே வழவழப்பானவை, விரல் நீட்டியவை, மடிப்பு மடிப்பானவை எனப் பீப்பாய்ப் பஞ்சுகள் ஒரே இடத்தில் கலந்து வாழ்கின்றன. 2013இல் வெளியான ஆய்வில் அவற்றின் மரபணுவைப் பார்த்தபோது, ஒரே பெயரில் அழைக்கப்பட்டவை ஒரே இனமாக இல்லை. பின்னர் பல கடல்களின் மாதிரிகளைச் சேர்த்துப் பார்த்தபோது, இது பல இனங்களின் கூட்டம் என்பது இன்னும் தெளிவானது. அவற்றில் பலவற்றுக்கு இன்னும் தனிப்பெயர் இல்லை.

அப்படியானால் நாம் போட்ட வரைபடம் வீணா? இல்லை. அது ஒரு கூட்டத்தின் வரைபடம், அவ்வளவுதான். படி 1இல் மேற்பரப்பு எப்படி என்று எழுதச் சொன்னது இதற்காகத்தான். நாளைக்கு இந்தக் கூட்டம் தனித்தனி இனங்களாகப் பிரியும்போது, உங்கள் குறிப்பை வைத்து அந்தப் புள்ளியை எங்கே சேர்ப்பது என்று ஒருவரால் யோசிக்க முடியும்.

நோட்டில் கடைசியாக எழுத வேண்டியது இப்படி இருக்கட்டும்: “செஸ்டோஸ்பாஞ்சியா டெஸ்டுடினாரியா இனக்கூட்டம். மேற்பரப்பு மடிப்புகளோடு. ஆழம் 12 மீட்டர். ஆதாரம்: ஒளிப்படம் இரண்டு. முள் பார்க்கவில்லை.” அந்தக் கடைசி வரியை மட்டும் விட்டுவிடாதீர்கள்.