கிளவுஸ் உலை: மாசுக்கு ஏற்றபடி காற்றும் சூடும்

எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையின் கந்தக மீட்பு அலகில், கிளவுஸ் உலை ஹைட்ரஜன் சல்பைடை முழுவதும் எரிப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கை மட்டும் கந்தக டை ஆக்சைடாக்கி, மீதியோடு வினைபுரியவிட்டுக் கந்தகம் எடுக்கிறோம். ஆகவே காற்று சற்றே பிசகினாலும் மீட்பு குறையும். பிசகவைப்பவை பெரும்பாலும் கூடவே வரும் வாயுக்கள்தான்.

முதலில் அமில வாயுவின் (உலைக்கு வரும் ஹைட்ரஜன் சல்பைடு மிகுந்த வாயு) ஆய்வக அறிக்கையை வைத்துக் காற்றுக் கணக்கைப் போடுங்கள். மாதிரி எடுப்பவர் சுவாசக் கருவி அணிந்தே எடுக்க வேண்டும். காற்றில் ஹைட்ரஜன் சல்பைடு பத்து லட்சத்தில் 100 பங்கைத் தாண்டினால் மூக்கு மரத்து வாடையே தெரியாது.

ஒரு மோல் ஹைட்ரஜன் சல்பைடுக்கு 2.4 மோல் காற்று போதும். அம்மோனியாவுக்கு 3.6, மீத்தேனுக்கு 9.5, பென்சீனுக்கு 35.7. நூறு மோல் வாயுவில் ஹைட்ரஜன் சல்பைடு 88 என்றால் காற்று சுமார் 209 மோல். அதோடு பென்சீன் ஒரே ஒரு மோல் சேர்ந்தால் 17 விழுக்காடு காற்று கூடுதலாக வேண்டும். வாயு ஓட்டத்தை மட்டும் பார்த்துக் காற்றைக் கூட்டும் கட்டுப்பாட்டுக்கு இது தெரியாது. கடைசியில் வெளியேறும் வாயுவை அளக்கும் டெயில் கேஸ் அனலைசரில், ஹைட்ரஜன் சல்பைடுக்கும் கந்தக டை ஆக்சைடுக்கும் இருக்க வேண்டிய 2:1 விகிதம் ஏறிய பிறகே தெரியும். அதற்குள் கரி உண்டாகி முதல் வினையூக்கிப் படுகையில் படிந்திருக்கும். மஞ்சள் கந்தகம் கறுத்து வந்தால் காற்றோடு மட்டும் மல்லுக்கட்டாமல், அமில வாயுவைப் பிரித்து அனுப்பும் அமீன் பகுதியின் ஃபிளாஷ் டிரம்மில் (அமீன் கரைசலிலிருந்து எண்ணெயைப் பிரிக்கும் கலன்) எண்ணெய் வடிக்கப்படுகிறதா என்று பாருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான்.

கார்பன் டை ஆக்சைடு காற்று கேட்காது. ஆனால் உலைச் சூட்டைத் தின்னும், கார்பனைல் சல்பைடையும் உண்டாக்கும். அதை நீராவியோடு வினைபுரியவைத்துச் சிதைக்க (நீராற்பகுக்க), முதல் வினையூக்கிப் படுகை உள்ள கன்வெர்ட்டரின் வெளிவாய் 315–340 டிகிரி செல்சியஸில் இருக்கட்டும்.

அடுத்தது உலைச் சூடு. பென்சீன் வகைகள் அழிய 1050 டிகிரிக்கு மேலும், அம்மோனியா அழிய 1250 டிகிரிக்கு மேலும் தேவை. உலைக்குள் செருகிய தெர்மோகப்பிளை மட்டும் நம்பாமல், தொடாமலே சூட்டை அளக்கும் பைரோமீட்டரோடு ஒப்பிடுங்கள். சூடு போதாவிட்டால் காற்றையும் அமில வாயுவையும் முன்சூடாக்குங்கள். பிறகு ஆக்சிஜன் செறிவூட்டல், வழக்கமான பர்னரில் காற்றின் ஆக்சிஜன் அளவு 28 விழுக்காடு வரை. எரிவாயு சேர்ப்பது கடைசி வழி, அதுவே கரிக்கு இடம் கொடுக்கும்.

அம்மோனியாவுக்காக உலையை இரண்டு பகுதியாக்கினால், கழிவுநீர் ஸ்ட்ரிப்பரிலிருந்து வரும் அம்மோனியா கலந்த வாயு முழுவதும் முன்பகுதிக்கே போக வேண்டும். அமீன் பகுதியிலிருந்து வரும் அமில வாயுவில் ஒரு பகுதியை உலையின் பின்பகுதிக்குத் திருப்பினால் முன்பக்கச் சூடு ஏறும். மொத்த ஹைட்ரஜன் சல்பைடில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் திருப்பாதீர்கள்: முன்பகுதியில் ஆக்சிஜன் மிஞ்சி கந்தக டிரை ஆக்சைடு உண்டாகும். திருப்பிய வாயுவில் பென்சீன் இருந்தால் அது முன்பகுதிச் சூட்டைப் பார்க்காமலே வினையூக்கியில் போய் விழும். அப்போது பின்பகுதியும் 1050 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது.

ஸ்ட்ரிப்பர் வாயுக் குழாயை 85 டிகிரிக்கு மேல் சூடாக வையுங்கள்; ஆறினால் அம்மோனியம் உப்பு உறையும். உலையில் அழியாமல் தப்பும் அம்மோனியா கந்தகத்தைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கடைசி கண்டென்சரில் உப்பாகப் படியும். அங்கே அழுத்த வேறுபாடு மெல்ல ஏறினால், உடனே முன்பகுதிச் சூட்டைச் சரிபாருங்கள்.