சி.டி. ஸ்கேன் அறிக்கையில் உள்ள கதிர்வீச்சு எண்ணை மில்லிசீவர்ட்டாக மாற்றுவது எப்படி?

சி.டி. ஸ்கேன் அறிக்கையில் 'டி.எல்.பி. 400' (டி.எல்.பி. என்பது கதிர்வீச்சு அளவை ஸ்கேன் செய்த நீளத்தால் பெருக்கியது) என்பது போல ஓர் எண் இருந்தால், அது கருவி செலுத்திய கதிர்வீச்சை மில்லிகிரே-சென்டிமீட்டரில் சொல்கிறதே தவிர, உடலுக்கு அதனால் ஏற்படக்கூடிய தீங்கின் அளவை அன்று. அந்தத் தீங்கைக் குறிக்கும் அலகே மில்லிசீவர்ட். பெரியவர்களின் மார்பு ஸ்கேன் என்றால் அந்த எண்ணை 0.014 ஆல் பெருக்குங்கள், தோராயமாக 5.6 மில்லிசீவர்ட் கிடைக்கும். தலைக்குப் பெருக்கெண் 0.0021 மட்டுமே என்பதால், அதே 400 அங்கே 0.84 ஆகச் சுருங்கிவிடும். (இயற்கையிலிருந்தே உலகச் சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் நமக்கு வந்து சேர்கிறது.) குழந்தைகளுக்கு இந்தப் பெருக்கெண்கள் பொருந்தா.

பழைய நூல்களில் ராட் (உடல் ஏற்ற கதிர்வீச்சின் பழைய அலகு) என்றிருந்தால் 100 ஆல் வகுத்து இன்றைய அலகான கிரே ஆக்கலாம். தீங்கின் பழைய அலகான ரெம்மை அவ்வாறே சீவர்ட் ஆக்கலாம். ஓர் உறுப்பு ஏற்ற ஒரு கிரே எக்ஸ் கதிர் ஒரு சீவர்ட்டுக்குச் சமம். ஆல்ஃபா துகளாயின் 20 சீவர்ட்.