எச்.எஸ்.ஏ. கணக்கை எங்கே வைப்பது: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் டிடக்டிபிள் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நாமே செலுத்த வேண்டிய தொகை) அதிகமுள்ள மருத்துவக் காப்பீட்டை அலுவலகத்தின் மூலம் எடுப்பவருக்கு எச்.எஸ்.ஏ. (ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட்) என்ற, மருத்துவச் செலவுக்கான வரிச்சலுகைச் சேமிப்புக் கணக்கும் பெரும்பாலும் கூடவே வந்துவிடுவதால், அதை நடத்தும் நிறுவனத்தை மாற்றவே முடியாது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். முதல் தவறு அதுதான். கணக்கும் பணமும் ஊழியருக்கே சொந்தம். வேலையில் இருக்கும்போதே வேறொரு நிறுவனத்தில் இன்னொரு கணக்கைத் தொடங்கிப் பணத்தை அங்கே மாற்றிக்கொள்ளலாம்.

இதை அறிந்தவர்களில் சிலர், சம்பளப் பிடித்தத்தை நிறுத்திவிட்டுக் கைப்பணத்தை நேரடியாகப் புதிய கணக்கில் போடுகிறார்கள். வருமான வரிக் கழிவு அப்போதும் கிடைக்கும். ஆனால் சம்பளத்தின் வழியே போட்டால் மட்டுமே மிச்சமாகும் சோஷியல் செக்யூரிட்டி, மெடிகேர் வரிகள், அதாவது 7.65 சதவீதம், கையைவிட்டுப் போய்விடும். 2026-இல் தனிநபர் வரம்பான 4,400 டாலரை முழுவதும் போடும் சராசரிச் சம்பளக்காரருக்கு இது ஏறத்தாழ 337 டாலர். ஆகவே பிடித்தம் அலுவலகக் கணக்கிலேயே விழட்டும். ஆண்டுக்கு ஓரிரு முறை அங்கிருந்து மாற்றினால் போதும்.

கட்டணப் பட்டியலைப் படிக்காமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் அதிகம் இழக்கச் செய்யும் தவறு என்பது என் கருத்து. மாதம் 3.50 டாலர் என்பது அற்பமாகத் தோன்றும். 600 டாலர் மட்டுமே உள்ள கணக்கில் அது ஆண்டுக்கு 42 டாலர், அதாவது 7 சதவீதம். வேலையில் இருக்கும்வரை முதலாளி கட்டிவந்த இந்தத் தொகை, வேலையை விட்டபின் நம் கணக்கிலிருந்தே பிடிக்கப்படுவதும் உண்டு. முதலீடு செய்வதற்கு முன் 1,000 டாலரையோ அதற்கு மேலோ ரொக்கமாகவே வைத்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா, பங்குச்சந்தைக் குறியீட்டைப் பின்பற்றும் குறைந்த செலவுள்ள இண்டெக்ஸ் ஃபண்டுகள் இருக்கின்றனவா, கணக்கை மூட எவ்வளவு கேட்பார்கள் என்பவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மாதக் கட்டணமும் குறைந்தபட்ச இருப்பும் இல்லாத ஃபிடெலிட்டி போன்ற நிறுவனங்கள் இருப்பதால், ஒப்பிட்டுப் பார்ப்பது வீண்வேலை ஆகாது.

மாற்றும்போது நம் பெயருக்குக் காசோலை வாங்குவது ஆபத்தானது. 60 நாட்களுக்குள் புதிய கணக்கில் செலுத்தத் தவறினால் வருமான வரியோடு, 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 20 சதவீத அபராதமும் விழும். இவ்வழியை 12 மாதங்களுக்கு ஒருமுறைதான் பயன்படுத்தலாம். நிறுவனத்திலிருந்து நிறுவனத்துக்கு நேரடியாக மாற்றச் சொன்னால் இந்த வரம்புகள் கிடையாது.

இந்தியா திரும்பும் எண்ணமுள்ளவர்கள், அமெரிக்க முகவரி இல்லாமல் கணக்கைத் தொடர முடியுமா என்பதை முன்கூட்டியே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது.

சிறந்த நிறுவனத்தைத் தேடிக்கொண்டே மாதங்களைக் கடத்துவதும் தவறே. கணக்குத் தொடங்கிய நாளுக்கு முந்தைய மருத்துவச் செலவை அதிலிருந்து வரியில்லாமல் எடுக்க முடியாது என்பதால், தகுதி வந்தவுடன் எங்காவது ஒரு கணக்கைத் திறந்து சிறு தொகையைப் போட்டுவிட்டு, ஒப்பீட்டை அதன்பின் நிதானமாகச் செய்துகொள்ளலாம்.