தையல் பிரித்த பிறகு: ஆபரேஷன் தழும்பை மங்கவைக்கும் வழி

தழும்பு மெலிந்து மங்குமா, தடித்துக் கறுக்குமா என்பது பெரும்பாலும் தையல் பிரித்த முதல் மூன்று மாதத்தில் முடிவாகிவிடும். கம்பம், போடி, குமுளிப் பக்கத்தில் பலரும் தழும்பைப் பற்றிக் கவலைப்படத் தொடங்குவது எட்டு மாதம் கழித்து, அது புடைத்து அரிக்க ஆரம்பித்த பிறகுதான். அப்போதும் கேட்கிற கேள்வி, என்ன கிரீம் போடலாம் என்பது. கிரீம் செய்கிற வேலை கொஞ்சம். தழும்பு இழுபடாமல், வெயில் படாமல், வறளாமல் பார்த்துக்கொண்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது. இதற்குப் பெரிய செலவு இல்லை, பொறுமைதான் வேண்டும். ஒன்று மட்டும் முதலிலேயே தெரிந்திருக்கட்டும்: தழும்பு அடியோடு மறையாது. தோலோடு தோலாகப் படிந்த மெல்லிய கோடாக ஆக்க முடியும்.

வெட்டுப்பட்ட இடத்தை உடம்பு பழைய தோலாகத் திருப்பித் தருவதில்லை, ஒட்டுப்போடுகிறது. மூன்றாம் வாரத்தில் அந்த ஒட்டுக்குப் பழைய தோலின் வலுவில் ஐந்தில் ஒரு பங்குகூடச் சரியாக இருக்காது. முழுக்க முதிர்ந்த பிறகும் 80 சதவீதத்தைத் தாண்டாது. பொருக்கு உதிர்ந்ததும் வெளியே ஆறியது போலத் தெரிகிறது. உள்ளே அப்போதுதான் கொலாஜன் என்ற புரத நார்கள் தாறுமாறாக அடுக்கப்படுகின்றன. அந்தச் சமயத்தில் இழுபட்டால், இங்கே இன்னும் வலு வேண்டும் என்று உடம்பு எடுத்துக்கொண்டு நாரை மேலும் மேலும் சேர்க்கும். தடித்த தழும்பு பிறப்பது இப்படித்தான். நார்கள் ஒழுங்குபட்டு, சிவப்பு அல்லது ஊதா கலந்த நிறம் வடிந்து, தழும்பு முதிர 12 முதல் 18 மாதம் ஆகும். இரண்டாம் மூன்றாம் மாதத்தில் தழும்பு முன்னைவிட மோசமாகத் தெரிவது பலருக்கும் இயல்பு. பயந்துபோய்ச் செய்வதை நிறுத்திவிடாதீர்கள்.

தையல் இருக்கும்போது

தையலை உரிய நாளில் பிரிக்க வேண்டும். முகத்தில் 5 முதல் 7 நாள், தலையில் 7 முதல் 10, வயிற்றில் 10 முதல் 14, முதுகு, முட்டி, கால் என்றால் 14 நாள் அளவில். ஏலக்காய் சீசனில் ஒரு நாள் கூலி போகிறதே என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டால், நூல் அழுத்திய இடமெல்லாம் ஏணிப்படி போலக் குறுக்குக் கோடாக நின்றுவிடும். அதைப் பிறகு எந்த மருந்தாலும் எடுப்பது கடினம்.

டாக்டர் தண்ணீர் படலாம் என்று சொன்ன நாள் முதல் சாதாரண சோப்பும் தண்ணீரும் விட்டுக் கழுவி, துடைக்காமல் ஒற்றி எடுங்கள். ஸ்பிரிட், டெட்டால், ஹைட்ரஜன் பெராக்சைடு எதையும் தினமும் ஊற்ற வேண்டாம். புதிதாக வளர்கிற செல்லையும் சேர்த்துத்தான் அவை அழிக்கும். பொருக்கைக் கிள்ளினால் கீழே பள்ளம் விழும். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்தது, காப்பித்தூள், பற்பசை மூன்றும் புண்ணில் படவே கூடாது. சுண்ணாம்பு தோலைச் சுட்டுவிடும்.

சிசேரியன் ஆன பெண்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. எல்லைக்கு இந்தப் பக்கமும் கேரளத்து வழக்கப்படி தன்வந்தரம் குழம்பு என்ற ஆயுர்வேத எண்ணெயைத் தேய்த்து, இலை கொதிக்கவைத்த வெந்நீரில் குளிப்பாட்டுகிற வீடுகள் உண்டு. கை, கால், முதுகுக்குத் தாராளமாகத் தேய்க்கட்டும். தையல் கோட்டின் மேல் எண்ணெய் படவேண்டாம், வயிற்றில் வெந்நீரை வீசி ஊற்றவும் வேண்டாம். அடிவயிற்று மடிப்புக்குள் ஈரம் தங்கினால் புண் வாய் விடும். குளித்ததும் மடிப்பைத் தூக்கி ஒற்றி, சுத்தமான பருத்தித் துணி ஒன்றை மடித்து இடையில் வையுங்கள்.

பேப்பர் பிளாஸ்திரி: மலிவானது, ஆனால் யாரும் சொல்லித் தருவதில்லை

மருந்துக் கடையில் மைக்ரோபோர் என்று கேட்டால் கிடைக்கிற வெள்ளை பேப்பர் பிளாஸ்திரிதான் இது. ஓர் அங்குல அகலம் போதும். தையல் பிரித்து, எங்கும் ஈரமோ கசிவோ இல்லாமல் புண் மூடிய பிறகு தொடங்குங்கள். எண்ணெய்ப் பசை இல்லாமல் கழுவிக் காயவையுங்கள். தழும்பின் இரு பக்கத்துத் தோலையும் இரு விரலால் லேசாக நெருக்கிப் பிடித்து, இரண்டு அங்குலத் துண்டுகளைத் தழும்புக்குக் குறுக்காக, ஒன்றன் விளிம்பு இன்னொன்றின் மேல் ஏறும்படி ஒட்டுங்கள். பிளாஸ்திரியை இழுத்து ஒட்டக் கூடாது. இழுத்து ஒட்டினால் அதன் ஓரத்தில் கொப்புளம் வரும். பலரும் இதை அலர்ஜி என்று நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

அப்படியே குளிக்கலாம், மேலாக ஒற்றினால் போதும். நான்கைந்து நாளில் தானாக ஓரம் கிளம்பும். அப்போது தேங்காய் எண்ணெய் தடவிப் பத்து நிமிடம் ஊறவிட்டு, தோலோடு ஒட்டினாற்போல மெதுவாக மடக்கி எடுங்கள். சடாரென்று பிய்த்தால் புதுத்தோலும் கூடவே வந்துவிடும். ஒரு இரவு தோலுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி ஒட்டலாம். இப்படி 12 வாரம். ஒட்டிய இடம் முழுக்கச் சிவந்து அரித்தால் அதுதான் உண்மையான அலர்ஜி. அப்போது நிறுத்திவிடுங்கள்.

சிலிக்கான்

தழும்புக்கென்று விற்கிற பொருள்களில் நம்பி வாங்கத் தகுந்தது சிலிக்கான். தழும்பின் மேல்தோல் நீரைத் தக்கவைக்கத் தெரியாமல் உலர்ந்துபோகும். அந்த வறட்சிதான் உள்ளே இன்னும் நார் போடச் சொல்லித் தூண்டுகிறது. சிலிக்கான் மேலே ஒரு மூடிபோல நின்று ஈரத்தைக் காக்கிறது.

ஷீட் என்றால் தழும்பைவிடச் சுற்றிலும் அரை அங்குலம் பெரிதாக வெட்டி ஒட்டுங்கள். முதல் இரண்டு நாள் நான்கு மணி நேரம், பிறகு கூட்டிக்கொண்டே போய் ஒரு நாளில் 12 மணி நேரத்துக்குக் குறையாமல். தினமும் ஒரு முறை ஷீட்டையும் தோலையும் மென்மையான சோப்பால் கழுவிக் காற்றில் உலர்த்துங்கள். கழுவாமல் விட்டால் வேர்க்குரு வரும், நாற்றமும் எடுக்கும். ஒரே துண்டை இரண்டு மூன்று வாரம் பயன்படுத்தலாம். ஜெல் என்றால் காலையும் இரவும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாக. ஐந்து நிமிடத்தில் காய வேண்டும், காயாவிட்டால் அதிகம் போட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். எதுவானாலும் மூன்று மாதத்துக்குக் குறைந்தால் பலன் தெரியாது.

கம்பம் பள்ளத்தாக்கின் சித்திரை வெயிலில் ஷீட் வியர்வையில் நழுவும். பகலில் ஜெல், இரவில் ஷீட் என்று வைத்துக்கொள்ளுங்கள். குமுளிக்கு மேலே குளிரில் ஷீட் நாள் முழுக்க நிற்கும். காசுக்கு இடுக்கண் என்றால் வயிற்றுத் தழும்புக்குப் பிளாஸ்திரியே போதும் என்பது எங்கள் கருத்து. நெஞ்சு, தோள், காது, மேல்முதுகு போன்ற இடங்களுக்கும், ஏற்கெனவே தழும்பு தடித்த வரலாறு உள்ளவர்களுக்கும் சிலிக்கானுக்குச் செலவு செய்யலாம்.

தேய்ப்பது

தேய்ப்பதன் பலன் நிறத்தில் அதிகம் தெரியாது. கீழே உள்ள சதையோடு ஒட்டிக்கொண்ட தழும்பு நெகிழ்வதிலும், அரிப்பும் இறுக்கமும் குறைவதிலும் தெரியும். புண் முழுக்க மூடி, பொருக்கு ஒன்றுகூட இல்லாதபோது, மூன்றாம் வாரத்துக்குப் பிறகு தொடங்கலாம். சிசேரியனுக்கு ஆறு வாரப் பரிசோதனை முடியட்டும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் அல்லது வாசலின் போதும். விரல் நுனியால் அழுத்துங்கள். அழுத்திய இடம் கொஞ்சம் வெளுத்தால் அழுத்தம் சரி, வலித்தால் அதிகம். முதலில் தழும்பின் நீளவாக்கில், பிறகு குறுக்காக, பிறகு சிறு சிறு வட்டமாக. கடைசியில் தழும்பை இரு விரலால் கிள்ளித் தூக்கி உருட்டுங்கள். தடவிக்கொண்டே போகாமல் விரலும் தோலும் சேர்ந்து நகர வேண்டும். ஒரு முறைக்கு ஐந்து நிமிடம், நாளுக்கு இரண்டு மூன்று முறை. பிளாஸ்திரி ஒட்டியிருக்கும் நாட்களில் தேய்க்க வேண்டாம், மாற்றுகிற நாளில் தேய்த்தால் போதும்.

வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவுகிற பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. 1999-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறிய ஆய்வில் மூன்றில் ஒருவருக்குத் தோல் ஒவ்வாமை வந்தது, தழும்பும் மங்கவில்லை. எலுமிச்சைச் சாறு அதைவிட மோசம். அதைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கரும்படலமாக நிற்கும்.

வெயிலும் உரசலும்

நம் நிறத்துத் தோலில் தழும்பு எடுப்பாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் கறுப்பு. அந்தக் கறுப்பு வெயிலிலும் உரசலிலும் வருவது. புதுத் தழும்புக்கு ஒரு வருடம் வெயில் காட்டாதீர்கள். துணியால் மூடுவதுதான் முதல் வழி. மூட முடியாத முகம், கழுத்து, கைக்கு எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் உள்ள சன்ஸ்கிரீன், வெளியே போவதற்குக் கால் மணி நேரம் முன்பு, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை. மலையில் மூட்டம் போட்டிருக்கிறது, குளிர்கிறது என்று விட்டுவிடாதீர்கள். மூட்டத்துக்குள்ளும் புற ஊதாக் கதிர் வரும். ஆயிரம் மீட்டர் ஏறினால் அது பத்து சதவீதம்போலக் கூடவும் செய்யும்.

உரசலில் பெரிய குற்றவாளி உள்பாவாடை நாடா. தொப்புள், குடல்வால், சிசேரியன் தழும்பு எல்லாவற்றையும் அதுதான் அறுக்கிறது. ஆறு மாதத்துக்கு நாடாவை எடுத்துவிட்டு இரண்டு அங்குல அகலத் துணிப்பட்டி வைத்துத் தையுங்கள். வீட்டில் நைட்டி நல்லது. ஆண்கள் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு பெல்ட்டையும் வேட்டி முடிச்சையும் தழும்பில் படாதபடி மேலே ஏற்றிக் கட்டுங்கள்.

காட்டு வேலைக்குத் திரும்புகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். ஏலச் செடியின் தூரில் குனிந்து குந்திக் காய் எடுப்பதும், பழ மூட்டையைத் தூக்குவதும் வயிற்றுத் தழும்பை நாள் முழுக்க இழுக்கும். பெரிய வயிற்று ஆபரேஷனுக்கு ஆறு வாரமும், நெஞ்செலும்பைத் திறந்து செய்த இதய ஆபரேஷனுக்கு எட்டு முதல் 12 வாரமும் மூட்டை தூக்கக் கூடாது. மருந்து அடிக்கிற நாளில் ஆறாத புண்ணோடு தோட்டத்துக்குப் போகாதீர்கள். மழைக்காலத்தில் அட்டைக்காகக் காலில் சுண்ணாம்பும் மூக்குப்பொடியும் பூசுகிறவர்கள், நரம்புச்சுருட்டல் ஆபரேஷன் செய்த கால் என்றால் பூச்சை விட்டுவிட்டு நீளமான கெட்டித் துணிக் காலுறையைக் காற்சட்டைக்கு மேல் ஏற்றிக் கட்டுங்கள்.

சாப்பாடு

முட்டை, மீன், கத்திரிக்காய் சாப்பிட்டால் சீழ் பிடிக்கும் என்று பத்தியம் வைப்பதால் புண் ஆறத் தாமதமாகிறது. நார் போடுவதற்குப் புரதம் வேண்டும். 60 கிலோ எடை உள்ளவருக்கு நாளைக்கு 75 கிராமாவது தேவை. ஒரு முட்டையில் இருப்பது ஆறு கிராம்தான் என்றால் பத்தியக் கஞ்சி எந்த மூலைக்கு? பருப்பு, சுண்டல், மீன், முட்டை, அதோடு தினம் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் புரத அளவை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளட்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிட்டாலும், பீடி சிகரெட்டை விடாவிட்டாலும் மேலே சொன்ன எதுவும் சரியாகப் பலிக்காது.

தடித்துவிட்டால்

இரண்டு விதம் உண்டு. வெட்டின கோட்டுக்குள்ளேயே புடைத்து நிற்பது ஒன்று. இது ஒன்றிரண்டு மாதத்தில் தொடங்கி, சிலிக்கானும் அழுத்தமும் கொடுத்தால் ஒன்றிரண்டு வருடத்தில் தானே படியக்கூடும். மற்றது கீலாய்டு. கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் நண்டுக்கால் போலப் பரவும், தானாக அடங்காது. தோல் டாக்டர் தழும்புக்குள்ளேயே ட்ரையம்சினோலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி போடுவார். நான்கு வாரத்துக்கு ஒரு முறை என்று பல தடவை தேவைப்படும், வலிக்கும். சிலருக்கு ஊசி போட்ட இடம் வெளுக்கும் அல்லது பள்ளமாகும். கீலாய்டை அறுத்து எடுப்பதை மட்டும் செய்தால் பாதிப் பேருக்காவது திரும்ப, அதுவும் பெரிதாக வளரும். அறுத்த கையோடு ஊசியோ கதிர்ச் சிகிச்சையோ சேர வேண்டும்.

கடையில் தழும்பைக் காட்டி வாங்குகிற ட்யூபில் ஸ்டீராய்டு இருக்கக்கூடும். பெட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர் இருந்தால் சீட்டு இல்லாமல் போடாதீர்கள். தடிப்பு கொஞ்சம் அமுங்கியது போலத் தெரிந்தாலும், சுற்றியுள்ள நல்ல தோல் மெலிந்து நரம்பு தெரியத் தொடங்கும்.

கீழே வருவது தழும்பு வைத்தியத்துக்குள் அடங்காது, உடனே டாக்டரிடம் காட்ட வேண்டியது. காய்ச்சலோடு சிவப்பு பரவினால், சீழ் வந்தால், தையல் விட்டால் அன்றே. லேப்ராஸ்கோப்பி (சிறு துளை வழியே செய்கிற ஆபரேஷன்) ஓட்டை நன்றாக ஆறி, மாதம் கழித்துக் கட்டியாகித் தண்ணீர்போலக் கசிந்தால் அது சாதாரண மாத்திரைக்கு அடங்காத காசநோய்க் குடும்பத்துக் கிருமியாக இருக்கலாம், கசிவைப் பரிசோதிக்கச் சொல்லிக் கேளுங்கள். இருமும்போது தழும்பருகே பந்து போல எழும்பினால் குடலிறக்கம். சிசேரியன் தழும்பில் கட்டி இருந்து, மாதவிலக்கு நாட்களில் மட்டும் வலி கூடினால் கருப்பையின் உட்படலம் அங்கே வளர்கிறதா என்று பார்க்க வேண்டும்.

மாதம் ஒரு முறை, ஒரே ஜன்னல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்து தழும்பைப் படம் எடுத்து வையுங்கள். தேனி போனாலும் கோட்டயம் போனாலும் டாக்டருக்கு அந்தப் படங்களும் ஆபரேஷன் தேதியும் டிஸ்சார்ஜ் சீட்டும் போதும். பரவுகிறதா படிகிறதா என்பதை அவர் அதை வைத்தே சொல்லிவிடுவார்.