தெமெங்கோர் ஏரியில் படகு வீடு எடுப்பவர்களுக்கு: முன்பதிவு முதல் திரும்பும் நாள் வரை

சுங்கை சிப்புட்டில் காலையில் வேன் ஏறினால் கோலாகங்சார், லெங்கோங், கிரிக் வழியாக மதியத்துக்குள் பூலாவ் பண்டிங் ஜெட்டிக்குப் போய்விடலாம். சொந்தக்காரர்கள், கோயில் குழு, பழைய தோட்டத்து ஆட்கள் என்று முப்பது பேர் சேர்ந்து ஒரு ரூமா போட்டை, அதாவது படகு வீட்டை, முழுதாக எடுத்து இரண்டு இரவு தங்கிவர இதைவிட நல்ல இடம் பேராக்கில் இல்லை. ஆனால் ஜெட்டியை விட்டு நகர்ந்த பிறகு கடை கிடையாது, பெரும்பாலான இடங்களில் போன் லைனும் கிடையாது. மறந்தது மறந்ததுதான். அதனால் வேலையெல்லாம் கரையில் இருக்கும்போதே முடிந்திருக்க வேண்டும்.

முதலில் எந்தப் பக்கம் போகப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை ஏரியைப் பாலம் வழியாகக் கடக்கிறது. சாலைக்குத் தெற்கே இருப்பது தெமெங்கோர், வடக்கே ரோயல் பெலும். ரோயல் பெலும் 2007இல் மாநிலப் பூங்காவாக அரசிதழில் அறிவிக்கப்பட்டது. பரப்பளவு 117,500 ஹெக்டர். அங்கே நுழைய பேராக் மாநிலப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும். படகுக்காரரே வாங்கித் தருவார், ஆனால் எல்லாருடைய பெயரும் அடையாள அட்டை எண்ணும் முன்கூட்டியே அவர் கையில் இருக்க வேண்டும். கடைசி நாளில் "மாமா பையனும் வர்றான்" என்று ஓர் ஆளைச் சேர்த்தால் அவர் ஜெட்டியிலேயே நிற்க வேண்டிவரலாம். பட்டியலைக் குறைந்தது இரண்டு வாரத்துக்கு முன்பே மூடிவிடுங்கள். வெளிநாட்டுக் கடப்பிதழ் வைத்திருப்பவர் இருந்தால் அதைத் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

காலத்தைப் பொறுத்தவரை, நவம்பரிலிருந்து ஜனவரி வரை மழை அதிகம். ஆறுகள் கலங்கும், அருவிக்குப் போகும் வழி வழுக்கும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை வானம் தெளிவாக இருக்கும். ஆனால் வெயில் காலத்தில் நீர்மட்டம் இறங்கி, அணை கட்டியபோது மூழ்கிய மரங்களின் முனைகள் வெளியே வந்துவிடும். பள்ளி விடுமுறைக்கும் தீபாவளி வாரத்துக்கும் பல மாதங்கள் முன்பே பதிவு செய்ய வேண்டும்.

விலை பேசும்போது 'ஒரு தலைக்கு எவ்வளவு' என்று மட்டும் கேட்டு முடிக்காதீர்கள். முழுப் படகு வாடகையா, தலைக்கு இவ்வளவா, குறைந்தபட்சம் எத்தனை பேருக்குக் காசு கட்ட வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். அருவிக்கும் ஓராங் அஸ்லி (பழங்குடி) கிராமத்துக்கும் போகும் சிறு விசைப்படகு, அதன் பெட்ரோல், வழிகாட்டி, அனுமதிக் கட்டணம், சமையல் ஆள், ஜெனரேட்டர் ஓடும் நேரம் ஆகிய ஆறும் விலைக்குள் அடங்குமா, வெளியேயா என்று வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். தகராறு பெரும்பாலும் சிறு படகின் பெட்ரோலில்தான் தொடங்கும். மழையால் பயணம் ரத்தானால் முன்பணம் திரும்புமா, தேதி மட்டும் மாறுமா என்பதையும் கேளுங்கள்.

அடுத்தது படகு. இதில் அவசரப்படவே கூடாது. கராவோக்கே, சறுக்குப்பலகை, குளிர்சாதனம் எல்லாம் படத்தில் அழகாகத் தெரியும். நீங்கள் கேட்க வேண்டியது உரிமத்தில் எழுதியிருக்கும் ஆள் எண்ணிக்கை. அதில் கைக்குழந்தையும் ஓர் ஆள்தான், படகை ஓட்டும் தெக்கோங்கும் அவருடைய உதவியாளரும் ஆட்கள்தான். முப்பது பேருக்கான படகில் இருபத்தைந்து பேர் போவது நல்லது. முப்பது பெரியவர்களின் எடை ஏறக்குறைய இரண்டு டன். அதற்குமேல் தண்ணீர், ஐஸ், அரிசி, எரிபொருள். பயணிகளுக்குக் காப்புறுதி இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

இரண்டடுக்குப் படகில் ஆபத்து மேல்தளத்தில் இருக்கிறது. எடை மேலே ஏற ஏற படகு சாய்ந்த பிறகு நிமிர்வது கடினமாகும். யானை தெரிகிறது, இருவாச்சி பறக்கிறது என்று ஒருவர் கத்தினால் எல்லாரும் ஒரே பக்கக் கம்பிக்கு ஓடுவார்கள். அப்போதுதான் விபத்து நடக்கும். கிளம்பும் முன்பே பெரியவர் ஒருவர் எல்லாரையும் உட்காரவைத்து, படகு ஓடும்போது மேல்தளத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று தெக்கோங் சொல்லும் கணக்கை அறிவிக்க வேண்டும். கனமான பெட்டிகள் அத்தனையும் கீழ்த்தளத்தில், இரண்டு பக்கமும் சமமாக இருக்கட்டும்.

லைஃப் ஜாக்கெட்டை எண்ணிப் பாருங்கள், போட்டும் பாருங்கள். பிள்ளைக்குப் போட்டு, தோள்பட்டையில் இரண்டு கையாலும் மேலே தூக்குங்கள். ஜாக்கெட் காதுவரை ஏறினால் அது பெரிது. தண்ணீரில் பிள்ளை அதற்குள்ளிருந்து நழுவிவிடும். பிள்ளைகளின் எடையை முன்பே அனுப்பி அதற்கேற்ற அளவு கேளுங்கள். கொக்கி உடைந்த ஜாக்கெட்டைக் கயிற்றால் கட்டித் தந்தால் ஏற்காதீர்கள்.

ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது, புகைக்குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே இல்லை. படகு ஓடும்போது பின்பக்கமாகப் போகும் புகை, படகைக் கட்டிப்போட்ட பிறகு காற்று திரும்பினால் படுக்கும் இடத்துக்குள் வரும். இரவில் பலருக்கு ஒரே நேரத்தில் தலைவலியும் குமட்டலும் வந்தால் அது சாப்பாட்டால் என்று நினைக்காமல் உடனே எஞ்சினை நிறுத்தி, எல்லாரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். எஞ்சின் சூடாக இருக்கும்போது பெட்ரோல் ஊற்றக் கூடாது. பெரிய மின்சாரச் சோற்றுப் பானை ஒன்றே இரண்டு மூன்று கிலோவாட் இழுக்கும். குளிர்சாதனமும் சேர்ந்தால் ஃபியூஸ் போய்விடும். சோற்றைக் கேஸில் வடியுங்கள்.

சாப்பாட்டுக் கணக்கு முப்பது பேர், மூன்று பகல், இரண்டு இரவு என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் மதியத்துக்குப் பொட்டலம் கட்டிக்கொண்டு போங்கள், பிள்ளைகள் பசியோடு படகு ஏறக் கூடாது. மீதி நான்கு வேளைச் சோறு. ஆளுக்கு ஒரு வேளைக்கு 100 கிராம் அரிசி என்றால் 12 கிலோ. ஏரியில் குளித்து வருபவர்களுக்குப் பசி கூடும், 15 கிலோ எடுங்கள். எலும்போடு கோழி ஒரு வேளைக்கு 6 கிலோ. குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு 3 லிட்டர் தண்ணீர் என்று வைத்தால், ஒன்றரை லிட்டர் போத்தல் 12 உள்ள பெட்டி 15 வேண்டும், 270 லிட்டர் வரும். குளிக்கவும் கழிப்பறைக்கும் படகில் ஏரித் தண்ணீரை இறைப்பார்கள். அதைக் குடிக்கவோ அரிசி களையவோ வேண்டாம்.

இறைச்சியை வீட்டிலேயே கழுவி, மசாலா தடவி, வேளை வாரியாகப் பொட்டலமாக்கி உறையவையுங்கள். கடைசி நாளுக்கானது பெட்டியின் அடியில், முதல் இரவுக்கானது மேலே. குளிர்பானத்துக்குத் தனிப் பெட்டி வையுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை திறக்கும் பெட்டியில் ஐஸ் மறுநாள் மாலைக்குள் கரைந்துவிடும், அதோடு கோழியும் கெடும். மீனை முதல் இரவே முடித்துவிடுங்கள். பிழிந்த தேங்காய்ப்பால் நிற்காது, பெட்டிப் பால்தான் சரி. கறிவேப்பிலையைக் கழுவாமல் நாளிதழில் சுற்றினால் மூன்று நாளும் வாடாது. சைவக்காரர்களுக்குத் தனிப் பானை, தனிக் கரண்டி, முடிந்தால் தனி அடுப்பு. 14 கிலோ கேஸ் தோங் (சிலிண்டர்) ஒன்றும், மாற்றுக்கு இன்னொன்றும் படகில் இருக்கிறதா என்று பாருங்கள். தோங் வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்க வேண்டும்.

கிரிக்கில் நின்று எண்ணெய் நிரப்பி, காசு எடுத்து, மருந்துக்கடைக்கும் போய்வாருங்கள். ஆஸ்துமாக் குழாய், சர்க்கரை மாத்திரை, இன்சுலின் ஆகியவற்றை இரண்டு பையில் பிரித்து வையுங்கள். அவசரமானால் நோயாளியைச் சிறு படகில் ஜெட்டிக்குக் கொண்டுவந்து, கிரிக் மருத்துவமனைக்கு 40 கிலோமீட்டர் போக வேண்டும். அதனால் சிறு படகு எப்போதும் படகு வீட்டோடு இருக்கும் என்ற உறுதியை முன்பே வாங்குங்கள்.

ஏரியில் பயணம் காலையில் நடக்கட்டும். பிற்பகலில் இடியோடு காற்று எழும்போது படகு ஒரு தெலுக்கில், அதாவது கரைமடிப்பில், கட்டியிருக்க வேண்டும். ஒரே கயிறு போதாது. முன்னும் பின்னும் இரண்டு கயிறு, உயிருள்ள மரத்தில். பட்ட மரத்துக்கு அருகில் கட்டினால் காற்றில் கிளை விழும். இரவில் படகு ஓட்டச் சொல்லி யாரையும் வற்புறுத்தாதீர்கள். தண்ணீருக்கடியில் நிற்கும் மரத்தில் எஞ்சின் விசிறி இடித்தால் அதைப் பிடித்திருக்கும் சிறு ஆணி முறியும், படகு காற்றில் ஒதுங்கும். மாற்று ஆணியும் மாற்று விசிறியும் இருக்கிறதா என்று தெக்கோங்கிடம் கேட்பது மரியாதைக் குறைவல்ல. நல்ல தெக்கோங் எடுத்தே காட்டுவார். மேல்தளத்திலிருந்து குதிக்க விடாததற்கும் இந்த மரங்கள்தான் காரணம். கரையிலிருந்து இரண்டு எட்டில் ஆழம் இறங்கிவிடும், நீச்சல் தெரிந்தவரும் ஜாக்கெட் போடட்டும்.

ஓராங் அஸ்லிகளில் ஒரு பிரிவினரான ஜஹாய் மக்களின் கிராமத்துக்குப் போனால் வழிகாட்டி பேசி முடிக்கும்வரை படகிலேயே இருங்கள். கேட்காமல் பிள்ளைகளைப் படம் எடுக்காதீர்கள், மிட்டாய் வீசாதீர்கள். ரஃபிளேசியா என்ற பெரிய காட்டுப் பூ பூத்திருந்தால் கயிறு கட்டிய இடத்தைத் தாண்ட வேண்டாம். மண்ணுக்குமேல் தெரியாத மொட்டுகள் மிதிபடும். காட்டுப் பாதைக்கு நீளக் காலுறை, அட்டைக்கு உப்பு.

கடைசி நாள் குப்பை முழுவதும் மூட்டையாகி உங்களோடு திரும்ப வேண்டும், எலும்பும் சோறும் உட்பட. மதியத்துக்குள் ஜெட்டிக்கு வந்துவிடுங்கள். இருட்டிய பிறகு அந்த நெடுஞ்சாலையில் யானைகள் நிற்கும். அடுத்த இரண்டு வாரத்தில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், ஏரியிலும் அருவியிலும் குளித்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு அவர் உடனே இரத்தம் எடுத்துப் பார்ப்பார்.